எவ்வளவு சுரண்டுவது?

கம்பெனியிலிருந்து வரும் புது குவார்ட்டர் பேனலை அட்டைப்பெட்டியிலிருந்து உருவினால் உள்ளும் புறமும் ஒரே கறுப்பாக இருக்கும். பட்டறைக்காரர்கள் அதைக் ‘கம்பெனி பிரைமர்’ என்பார்கள். பழைய பேனலை வெட்டி எடுத்த இடத்திலோ அசல் பெயின்ட், மூட்டுக்குப் பூசிய சீலன்ட், துத்தநாகப் பூச்சு, சில சமயம் யாரோ எப்போதோ பார்த்த பட்டி என்று அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த இரண்டையும் விளிம்போடு விளிம்பு சேர்த்து ஸ்பாட் அடிக்க வேண்டும். அதற்கு முன் பூச்சுகளை என்ன செய்வது என்று கேட்டால் டிங்கருக்கு டிங்கர் பதில் மாறும். ஒருவர் தகடு பளபளவென்று மின்னும்வரை கிரைண்டர் பிடிப்பார். இன்னொருவர் எமரியால் நாலு இழுப்பு இழுத்துவிட்டுப் போதும் என்பார். மூன்றாமவர் ஸ்பாட் மெஷினையே ஓரம் கட்டிவிட்டு சிஓ2 வெல்டிங்கைக் கையில் எடுப்பார்.

மூவரிடமும் கொஞ்சம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. மின்சாரம் பாய வெறும் உலோகம் வேண்டும். துருப்பிடிக்காமல் இருக்க இரும்பு வெறுமையாக நிற்கக் கூடாது. ஒரு விரல் அகலம்கூடத் தேறாத மடிப்பில் இந்த இரண்டு தேவைகளும் முட்டிக்கொள்கின்றன. பட்டறை விவாதங்களில் ‘பெயின்ட் முழுசாகப் போயிற்றா’ என்பதே பெரிய கேள்வியாக இருப்பதைப் பார்க்கிறேன். பெயின்டோடு சேர்ந்து வேறு என்ன போயிற்று, போனதை மூட்டுக்குள் எப்படித் திருப்பி வைப்பது என்பவை அதைவிடக் கனமான கேள்விகள். இக்கட்டுரை அவற்றையொட்டியே நடக்கிறது.

முதலில் தகட்டின் மேல் என்னதான் இருக்கிறது? வெளிப்புறத் தகடு 0.65 முதல் 0.8 மி.மீ. கனம். அதன்மேல் துத்தநாகம், கார்களில் பெரும்பாலும் 7 முதல் 10 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மி.மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. துத்தநாகத்தின் மேல் ஓரிரு மைக்ரான் பாஸ்பேட். அதற்கு மேல்தான் அந்தக் கறுப்பு, சுமார் 20 மைக்ரான். பிறகு சர்ஃபேசர், நிறம் தரும் பேஸ் கோட், பளபளப்புக்குக் கிளியர் கோட். கம்பெனியை விட்டு வெளியே வரும் காரில் எல்லாம் சேர்த்து 100 முதல் 150 மைக்ரான் தேறும். பெயின்ட் கனம் அளக்கும் கையடக்க மீட்டரை வைத்துப் பார்க்கும்போது 300-ஐத் தாண்டினால் அந்த இடம் மறுபடி அடிக்கப்பட்டது என்று சந்தேகிக்கலாம். 1,000-ஐத் தாண்டினால் அடியில் பட்டி இருக்கிறது என்று கிட்டத்தட்ட அடித்தே சொல்லலாம்.

இந்த அடுக்குகளில் வெல்டிங்குக்கு உண்மையான எதிரி அந்தக் கறுப்புதான். அது பிறந்த விதமே அப்படி. ஃபோர்டு நிறுவனத்தில் ஜார்ஜ் புரூவர் தலைமையில் உருவான இந்த மின்பூச்சு முறை 1960-களில் கார் ஆலைகளுக்கு வந்தது. முழு உடற்கூட்டையும் பெயின்ட் தொட்டியில் முக்கி, 200 முதல் 350 வோல்ட் வரை மின்னழுத்தம் கொடுப்பார்கள். பெயின்ட் துகள்கள் மின்சாரம் பாயும் இடத்துக்கெல்லாம் ஓடிப் படியும். படிந்த இடம் மின்கடத்தாப் பொருளாகிவிடுவதால் மின்சாரம் அங்கே பாய மறுத்து, இன்னும் மூடப்படாத மூலை முடுக்கைத் தேடிப் போகும். எல்லா இடமும் மூடப்பட்டதும் பூச்சு தானாகவே நின்றுவிடும். பிரஷ் எட்டாத பொந்துகளிலும் ஒரே சீராகப் படிவதற்கு இதுதான் காரணம். 1970-களின் நடுவில் மின்முனைகளை மாற்றிப் போட்டு, கார் உடலையே எதிர்முனையாக்கினார்கள். துரு எதிர்ப்பு பல மடங்கு கூடியது. ஆக, முந்நூறு வோல்ட்டையே தடுத்து நிறுத்தும் படலம் அது. அடுப்பில் வெந்து இறுகிய பிறகு கேட்கவே வேண்டாம். பத்து இருபது வோல்ட்டைத் தாண்டாத ஸ்பாட் மெஷின் அதை உடைத்துக்கொண்டு போகும் என்று எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை.

ஸ்பாட் வெல்டிங்கின் பலம் வோல்ட்டில் இல்லை, ஆம்பியரில் இருக்கிறது. 1886-ல் எலிஹு தாம்சன் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற காலம் தொட்டு இதன் அடிப்படை மாறவில்லை. இரண்டு தகடுகளைச் செம்பு முனைகளால் இறுக்கிப் பிடித்து, குறைந்த மின்னழுத்தத்தில் பெரும் மின்னோட்டத்தை ஒரு கணம் பாய்ச்சினால், தகடும் தகடும் தொடும் இடம் அங்குள்ள மின்தடையால் சூடேறி உருகும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மின்னோட்டம் 10,000 ஆம்பியர், தடை ஓமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, நேரம் 0.2 விநாடி என்று வைத்துக்கொண்டால், மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையாலும் நேரத்தாலும் பெருக்க 2,000 ஜூல் வெப்பம் கிடைக்கும். அந்தத் தடையைத் தாண்ட ஒரே ஒரு வோல்ட் போதும். இந்தக் கணக்கில் மெஷினின் கட்டுப்பாட்டுக்கு அடங்காத ஒரே எண் தடைதான். அதை நிர்ணயிப்பது தகட்டைத் தயார் செய்த கை. கைக்கோளாறால் ஒரு இடத்தில் தடை இரண்டு மடங்கானால், அதே மின்னோட்டத்தில் வெப்பமும் இரண்டு மடங்காகிப் பொறி பறக்கும். ஒரேயடியாகக் கூடிப்போனால் மின்னோட்டமே விழுந்து, தகடு வெறுமனே ஒட்டிக்கொண்டு நிற்கும்.

எத்தனை பரப்புகளைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதில்கூடக் குழப்பம் இருக்கிறது. இரண்டு தகடு என்றால் பரப்பு நான்கு. முனைகள் தொடும் வெளிப்பக்கம் இரண்டு, தகடுகள் ஒன்றையொன்று தொடும் உட்பக்கம் இரண்டு. பில்லர் போன்ற இடங்களில் மூன்று தகடு சேரும். அங்கே பரப்பு ஆறு. அவசர வேலையில் கைவிடப்படுவது எப்போதும் உட்பக்கம்தான், ஏனென்றால் பேனலைப் பொருத்திக் கிளாம்ப் போட்ட பிறகு அது கண்ணுக்குத் தெரியாது. காரோடு நிற்கும் மடிப்பின் பின்புறமும் அடிக்கடி விட்டுப்போகும். டிக்கிக்குள் தலையை நுழைத்து, கம்பளத்தைக் கழற்றி, கையை வளைத்துத்தான் அதைத் தொட முடியும். அங்கே கொஞ்சம் பெயின்ட் தங்கிவிட்டால், பக்கத்தில் ஏற்கெனவே அடித்த ஸ்பாட் வழியாக மின்சாரம் சுற்றிக்கொண்டு போகும். மெஷின் வழக்கம்போல் ‘டக்’ என்று அடிக்கும், மேலே வட்டத் தழும்பும் விழும், உள்ளே எதுவும் உருகியிருக்காது. வெளித்தழும்பை மட்டும் பார்த்து நல்ல ஸ்பாட்டையும் பொய் ஸ்பாட்டையும் பிரித்துச் சொல்ல அனுபவசாலியாலும் முடியாது.

இனிச் சுரண்டும் வழிகளுக்கு வருவோம். நம் பட்டறைகளில் முதலில் கைக்கு எட்டுவது கிரைண்டர். வேகத்தில் அதற்கு இணை கிடையாது. அதன் ஆபத்தும் அந்த வேகம்தான். கரடுமுரடான வீல் ஒரே இழுப்பில் பெயின்டையும் துத்தநாகத்தையும் சேர்த்து வாரிவிடும், அதற்குக் கீழே இரும்பிலும் கை வைக்கும். 0.7 மி.மீ. தகட்டில் 0.1 மி.மீ. போனால் ஏழில் ஒரு பங்கு போயிற்று. மெலிந்த தகட்டில் ஸ்பாட் அடித்தால் முனை உள்ளே அமுங்கி, சில சமயம் ஓட்டையே விழும். ஃபிளாப் டிஸ்க் சற்று மென்மை, ஆனால் சாய்த்துப் பிடித்தால் அதுவும் பள்ளம் பறிக்கும். வட்டக் கம்பி பிரஷ் உலோகத்தைத் தின்னாது, ஆனால் பெயின்டைச் சூடாக்கி மேலேயே இழுகிவிடும். அந்த இழுகல் கண்ணுக்குச் சுத்தமான உலோகம் போலவே தெரியும் என்பதுதான் வேடிக்கை. தின்னரில் நனைத்த பனியன் வேஸ்ட்டால் ஒரு முறை துடைத்தால் துணியில் நிறம் ஏறி உண்மையைச் சொல்லிவிடும்.

எனக்குத் தெரிந்தவரை இந்த வேலைக்குப் பொருத்தமானவை இரண்டு. பஞ்சு போல் பின்னிய நைலான் நாரில் அரைபொடி ஏற்றிய வட்டு ஒன்று. வெளிப்பரப்பிலும் அகலமான மடிப்பிலும் அதை மெதுவான வேகத்தில், அழுத்தாமல் ஓட்ட வேண்டும். பத்து மி.மீ. அகலப் பட்டை ஓடும் குட்டி பெல்ட் சாண்டர் இன்னொன்று. கை நுழையாத குறுகல் மடிப்புக்கு அது. முதல் வட்டின் சிறப்பு, அது தரும் சைகை. துத்தநாகத்தைத் தேய்த்தால் பொறி வராது. இரும்பைத் தேய்த்தால் வரும். பெயின்ட் போய், கறுப்பு போய், மங்கலான சாம்பல் நிறம் தெரிந்ததும் நிறுத்த வேண்டும். அதற்கு மேலும் தேய்த்து முதல் பொறி பறந்தால் துத்தநாகத்தைத் தாண்டிவிட்டோம் என்று அர்த்தம். இருட்டான மூலையில் வேலை செய்கிறவர்களுக்குக் கண்ணைவிட இந்தப் பொறி நம்பகமான அளவுகோல்.

பெயின்டை கேஸ் ஜுவாலையில் எரித்துச் சுரண்டும் பழக்கம் இன்னும் சில இடங்களில் ஓடுகிறது. பழைய அம்பாசிடரின் கனத்த தகட்டில் அது செல்லுபடியாகியிருக்கலாம். இன்றைய மெல்லிய, உயர்வலிமைத் தகட்டில் அதற்கு இடமே இல்லை. தகடு நெளியும், வலிமை இறங்கும், மூட்டில் இருக்கும் பி.வி.சி. சீலன்ட் எரிந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைக் கக்கும். ரசாயன ரிமூவரிலும் எனக்கு உற்சாகமில்லை. திறந்த பரப்பில் அது அழகாக வேலை செய்யும். மடிப்புக்குள் புகுந்துவிட்டால் கழுவினாலும் வெளியே வராது. அங்கேயே தங்கிப் பிற்பாடு பூசும் பிரைமரைக் கிளப்பிவிடும். அதிகம் புழங்கிய ரிமூவர்களின் மூலப்பொருளான டைகுளோரோமீத்தேன் கலந்த பெயின்ட் நீக்கிகளைப் பொதுமக்களுக்கு விற்பதை அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2019-ல் தடை செய்தது. மூடிய அறையில் அதன் ஆவி ஆளையே கொல்லும் என்பது காரணம். மணல் பீய்ச்சுவது பள்ளம் மேட்டையெல்லாம் சுத்தம் செய்யும், ஆனால் பெரிய தட்டையான பேனலை நெளித்துவிடும், தூசு நுரையீரலுக்கு நஞ்சு. லேசர் கொண்டு பூச்சை ஆவியாக்கும் கருவிகள் இப்போது வரத் தொடங்கியிருக்கின்றன. விலையைப் பார்த்தால் நம் தெருப் பட்டறைகளுக்கு அவை வர நாளாகும்.

சுரண்டிய பிறகு துடைப்பதும் வேலையின் பாதி. மண்ணெண்ணெயில் துடைக்கும் பட்டறைகள் உண்டு. அது ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போகும், பிறகு பூசுவது எதுவும் அதன்மேல் சரியாகப் பிடிக்காது. மெழுகும் எண்ணெயும் நீக்கும் கரைப்பானால் ஒரு துணியில் நனைத்துத் துடைத்து, காய்வதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒரே துணியை வைத்துத் துடைத்தால் அழுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது.

இப்போது துத்தநாகத்துக்கு வருவோம். இதில்தான் கருத்து வேறுபாடு கூர்மையாகிறது. துத்தநாகம் இருந்தால் வெல்டிங் கெட்டுவிடும், ஆகவே அதையும் எடுத்துவிடு என்பது பழைய பள்ளி. முற்றிலும் தவறென்று தள்ள முடியாது. துத்தநாகம் 420 டிகிரியை நெருங்கும்போதே உருகிவிடும், 907 டிகிரியில் கொதிக்கும்; இரும்பு உருக 1,500 டிகிரி வேண்டும். இரும்பு உருகுவதற்குள் துத்தநாகம் உருகி, தகடுகளுக்கிடையே பரவி, தொடும் பரப்பைப் பெரிதாக்கி, மின்னோட்டத்தைச் சிதறடிக்கும். அதனால் பூச்சுத் தகட்டுக்கு வெறும் தகட்டைவிடக் கூடுதல் மின்னோட்டமும் சற்று நீண்ட நேரமும் கொடுத்தாக வேண்டும். செம்பு முனையோடு துத்தநாகம் கலந்து பித்தளையாகி முனை சீக்கிரம் தேயும். முனை விரிந்துவிட்டால் அதே மின்னோட்டம் பெரிய பரப்பில் பாய்ந்து, உள்ளே உருகும் பொட்டு சின்னதாகும். இவை எல்லாம் உண்மை. ஆனால் இவற்றில் ஒன்றுகூட வெல்டிங்கை முடியாத காரியம் ஆக்குவதில்லை. பூச்சு அடித்த தகட்டில்தான் ஆலைகள் ஒரு காருக்கு 3,000 முதல் 5,000 ஸ்பாட் அடிக்கின்றன. பூச்சுள்ள குறைகரி எஃகையும் உள்ளடக்கி, ஸ்பாட் வெல்டிங்குக்கு ஐ.எஸ்.ஓ. 14373 என்ற தரநிலை இருக்கிறது. மின்னோட்டத்தைக் கூட்டி, முனையை அடிக்கடி சீவி வடிவத்துக்குக் கொண்டுவந்தால் போதும்.

ஒரு சதுர மீட்டருக்கு 50 கிராம் துத்தநாகம் என்றால் கனம் சரியாக 7 மைக்ரான்தான் வரும். இவ்வளவு மெல்லிசானது துருவைத் தடுப்பது மூடி மறைப்பதால் மட்டும் இல்லை. ஈரம் பட்டால் இரும்புக்கு முன்பாகத் தானே கரைந்து இரும்பைக் காக்கும். கீறல் விழுந்தால்கூட அக்கம்பக்கத்துத் துத்தநாகம் கீறலைப் பாதுகாக்கும். உருட்டாலையிலேயே ஏறிய இந்தப் பூச்சைப் பட்டறையில் எந்த டப்பாவாலும் அதே தரத்தில் திருப்பி வைக்க முடியாது. எனவே பழைய பள்ளியின் வாதத்தை ஏற்க எனக்கு மனமில்லை. மெஷினுக்குச் சக்தி போதவில்லை என்பதற்காகக் காரின் துருப்பாதுகாப்பைக் கழற்றிப் போடுவது, குறையை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தள்ளுவதாகும். கையில் இருப்பது பழைய, மெலிந்த மெஷின்தான் என்றால் முழு மடிப்பையும் தேய்க்காமல் ஸ்பாட் விழும் புள்ளிகளில் மட்டும் சிறு வட்டமாகத் துத்தநாகத்தைக் குறைக்கலாம். மீதிப் பரப்பு தப்பும்.

வெறுமையாகிவிட்ட உட்பரப்புக்கு என்ன பூசுவது? இதற்கென்றே துத்தநாகம் அல்லது செம்புத் துகள் ஏற்றிய ‘வெல்டு-த்ரூ’ பிரைமர்கள் ஸ்ப்ரே டப்பாவில் வருகின்றன. உலோகத் துகள் இருப்பதால் மின்சாரம் ஊடுருவிப் பாயும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கார் தயாரிப்பாளர்களிடமே இதில் ஒருமித்த கருத்து இல்லை. சிலர் வெறும் இரும்பு தெரியும் ஒவ்வொரு உட்பரப்பிலும் கட்டாயம் அடிக்கச் சொல்கிறார்கள். வேறு சிலர் துத்தநாகத்தைக் கெடுக்காமல் விட்டிருந்தால் இது தேவையே இல்லை என்கிறார்கள். இன்னும் சிலர் குறிப்பிட்ட மூட்டுகளில் தடையே போடுகிறார்கள். ஆகவே அந்த மாடலுக்குரிய ரிப்பேர் கையேட்டைத் திறந்து பார்ப்பதுதான் முடிவு.

டப்பாவைச் சரியாகப் பயன்படுத்துகிறார்களா என்பது தனிக் கதை. நன்கு குலுக்காவிட்டால் கனமான துத்தநாகம் அடியில் தங்கி, வெளியே வருவது வெறும் பசை. தாராளமாக அடித்தால் கனமான படலம் ஆகிப் பொறி சிதறும். காயுமுன் ஸ்பாட் அடித்தால் கரைப்பான் ஆவி பற்றும். எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, மடிப்புக்கு வெளியே சிதறியதை அப்படியே விட்டு அதன்மேல் பட்டியும் பெயின்டும் போடுவது. துத்தநாகம் நிறைந்த இந்தப் பிரைமருக்கு ஒட்டும் பிடிமானம் குறைவு. மேலே எவ்வளவு நல்ல எபாக்சி பூசினாலும் அடியிலிருந்து பாளம் பாளமாகக் கிளம்பும். வெல்டிங் முடிந்ததும் வெளித்தெரியும் பிரைமரைச் சுத்தமாகத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். சாதாரண ரெட் ஆக்சைடை அடித்துவிட்டு ‘பிரைமர் போட்டாச்சு’ என்று ஸ்பாட் அடிப்பவர்களையும் பார்க்கலாம். அது மின்சாரத்தைக் கடத்தாது, அவ்வளவுதான்.

சிஓ2 வெல்டிங் ஆதரவாளர்களின் வாதம் நடைமுறை சார்ந்தது. இரண்டு பக்கமும் முனை எட்டாத இடம் காரில் நிறைய. மேல் தகட்டில் 6 முதல் 8 மி.மீ. துளை போட்டு, அதன் வழியே கீழ்த் தகட்டோடு சேர்த்து நிரப்பிவிட்டால் பலமான பிணைப்பு கிடைக்கும். ஓரளவு பெயின்ட் இருந்தாலும் மின்வில் எரித்துக்கொண்டு போய்விடும் என்று நினைப்பது மட்டும் தப்பு. எரிந்த பெயின்டும் துத்தநாகமும் வாயுவாகி உருகிய உலோகத்துக்குள் குமிழியாக மாட்டும்; மேலே மேடாகத் தெரிந்தாலும் உள்ளே பஞ்சு போல் இருக்கும். இங்கே துளைக்குள் தெரியும் கீழ்த் தகட்டுப் பரப்பிலிருந்து பெயின்ட், பிரைமர், துத்தநாகம் மூன்றையும் எடுக்க வேண்டும். சூடு பரவும் வட்டம் ஸ்பாட்டைவிடப் பெரிது என்பதால் சுற்றிலும் துருப்பாதுகாப்பு அதிகம் கருகும். ஸ்பாட் கன் எட்டும் இடத்தில் சோம்பலுக்காக இதைப் போடுவது நட்டம்.

பசை இன்னொரு பாதை. கட்டமைப்புப் பசையைப் பூசி, அது இறுகுவதற்குள் அதன் ஊடாகவே ஸ்பாட் அடிக்கும் முறையை ஆலைகளும் கையாளுகின்றன. முனை அழுத்தும்போது பசை விலகி உலோகம் உலோகத்தைத் தொடும். மீதி இடத்தில் பசை மூட்டை அடைத்து ஈரத்தை வெளியே நிறுத்தும். துருவுக்கும் மின்சாரத்துக்கும் நடுவிலான சண்டையில் நான் கண்ட நேர்த்தியான சமரசம் இதுதான். ஆலையில் இந்தப் பசை மின்பூச்சு அடுப்பின் சூட்டில் இறுகும். பட்டறையில் இரண்டு பகுதி எபாக்சி, அறைச்சூட்டில். ஆனால் கையேடு ஸ்பாட் என்று சொல்லும் இடத்தில் பசையை மட்டும் போட்டு முடித்துக்கொள்வது வேறு கதை. அமெரிக்காவில் டல்லாஸ் நகரில் 2017-ல் ஒரு நடுவர் மன்றம் இது தொடர்பாக ஒரு பணிமனைமீது 3.15 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. ஆலங்கட்டி மழையில் சேதமான ஹோண்டா ஃபிட் காரின் கூரையை அந்தப் பணிமனை ஸ்பாட் அடிக்காமல் பசையால் ஒட்டியிருந்தது. அதே தலைமுறைக் கார் இங்கே ஜாஸ் என்ற பெயரில் ஓடியது. காரைப் பிறகு பழைய வண்டியாக வாங்கிய தம்பதிக்குக் கூரையின் வரலாறு தெரியாது. 2013-ல் நடந்த மோதலில் இருவரும் படுகாயம் அடைந்தார்கள். மூட்டு என்பது தகட்டைப் பிடித்து வைக்க மட்டும் இல்லை, மோதலின் வேகத்தை எந்த வழியாகக் கடத்துவது என்பதும் அதன் பொறுப்பு என்று அந்த வழக்கில் விவரமாக அலசப்பட்டது.

நம் ஊர் நிலைமைக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. சென்னைப் புதுப்பேட்டை போன்ற சந்தைகளில் வெட்டி எடுத்த பேனல்கள் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றில் அசல் பெயின்ட் எது, மறுபூச்சு எது, பட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. மடிப்பில் பழைய ஸ்பாட்டுகளைத் துளைத்து எடுத்த தழும்புகள் இருக்கும். அந்த இடத்தில் தகடு மெலிந்திருக்கும். பழைய தழும்பின்மேலேயே புது ஸ்பாட்டை வைக்காமல் இரண்டு தழும்புக்கு நடுவே வைக்க வேண்டும். பழைய பெயின்டில் ஈயமும் குரோமேட்டும் இருக்க வாய்ப்புண்டு. வீட்டுப் பெயின்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்குமேல் போகக் கூடாது என்று 2016-ல் இந்திய அரசு விதி செய்தது. வாகனப் பெயின்ட் அந்த விதிக்குள் வராது. உலர்வாகத் தேய்த்துப் பறக்கும் தூசில் என்ன இருக்கிறதென்று தெரியாதபோது, முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொள்வது ஏமாற்று வேலை.

உடல்நலம் பற்றி இன்னும் கொஞ்சம். பாலியுரேத்தேன் கிளியர் கோட்டைச் சூடாக்கினால் ஐசோசயனேட் வெளிப்படும். அது ஆஸ்துமாவைக் கொண்டுவரும், ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால் பிறகு துளி பட்டாலும் மூச்சு திணறும். துத்தநாகப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சல், உடம்புவலி வந்து ஓரிரு நாளில் விடும். இதற்குப் பால் குடித்தால் போதும், வெல்லம் தின்றால் போதும் என்ற நம்பிக்கை வெல்டர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. பால் வயிற்றுக்குப் போகும், புகை நுரையீரலுக்குப் போகும். இரண்டும் சந்திக்கும் இடமே கிடையாது. குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு, காய்வதற்குள் சிஓ2 வில்லைப் பற்றவைப்பது உயிருக்கே உலை. அந்த ஆவி வில்லின் கதிரில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும்.

கதவுச் சட்டத்துக்குள்ளும் நடுப் பில்லரிலும் இருக்கும் வெப்ப அச்சு எஃகைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். சுவீடனில் லூலியோ நகரில் 1970-களில் பிறந்த இந்த முறை 1984-ல் சாப் 9000 காரில் ஏறி, இப்போது நடுத்தரக் கார்களிலும் பரவிவிட்டது. அதன் வலிமை சாதாரணத் தகட்டைப்போல நான்கைந்து மடங்கு. மேற்பூச்சு துத்தநாகத்துக்குப் பதில் பெரும்பாலும் அலுமினியம்-சிலிக்கான். அதைச் சுரண்டலாமா கூடாதா என்பதைக் கையேட்டில் பார்க்காமல் தொடவே கூடாது. வழக்கமான மெஷினின் இறுக்கமும் மின்னோட்டமும் அதற்குப் போதாமல் போகலாம். அளவு மீறிச் சூடேற்றினால் அந்த வலிமை இறங்கிவிடும், திரும்ப வராது.

தயாரிப்பு சரியா என்பதை எப்படி அறிவது? ஒரே வழி பிய்த்துப் பார்ப்பது. வெட்டி எடுத்த பழைய பேனலிலிருந்தும் புதுப் பேனலின் வேண்டாத ஓரத்திலிருந்தும் இரண்டு கீற்று எடுத்து, காரில் செய்யப்போகும் அதே சுரண்டல், அதே துடைப்பு, அதே பிரைமர் போட்டு, அதே அமைப்பில் இரண்டு ஸ்பாட் அடிக்க வேண்டும். முதல் ஸ்பாட்டை நம்பக் கூடாது. இரண்டாவதுதான் உண்மையைச் சொல்லும், ஏனென்றால் காரில் ஒவ்வொரு ஸ்பாட்டுக்கும் பக்கத்தில் இன்னொன்று இருக்கும், மின்சாரத்தில் ஒரு பங்கு அதன் வழியே ஒழுகும். பிறகு கீற்றை வைஸில் பிடித்து, உளியைச் செருகிப் பிய்க்க வேண்டும். நல்ல ஸ்பாட் என்றால் ஒரு தகட்டில் வட்டமாக ஓட்டை விழும், மறு தகட்டில் பொத்தான் போல உலோகம் ஒட்டிக்கொண்டு நிற்கும். பொத்தானின் விட்டம், தகட்டுக் கனத்தின் வர்க்கமூலத்தைப் போல நாலு முதல் ஐந்து மடங்கு இருக்க வேண்டும்; 0.8 மி.மீ. தகட்டுக்கு மூன்றரை முதல் நாலரை மி.மீ. பொத்தான் இல்லாமல் தகடுகள் ‘பட்’டென்று பிரிந்து வட்டத் தழும்பு மட்டும் தெரிந்தால், அநேகமாக உட்பக்கத்தில் பூச்சு தங்கியிருக்கிறது. இந்தச் சோதனைக்கு ஐ.எஸ்.ஓ. 10447 என்று ஒரு எண்ணே இருக்கிறது. ஆகும் செலவு இரண்டு கீற்றுத் தகரமும் ஐந்து நிமிடமும்.

வெல்டிங் முடிந்த பிறகுதான் சுரண்டியதற்கான கணக்கைத் தீர்க்கும் வேலை தொடங்குகிறது. வெளிப்பக்கம் எபாக்சி பிரைமர், மூட்டின் வாயில் சீலன்ட், பெட்டி போன்ற உட்குழிவுகளில் பெயின்ட் எல்லாம் காய்ந்தபின் நீண்ட குழாய் விட்டுப் பீய்ச்சும் மெழுகு. மெழுகுதான் மிகவும் புறக்கணிக்கப்படுகிறது, ஏனென்றால் வாடிக்கையாளர் பார்க்க முடியாத இடம் அது. மடிப்பின் இடுக்கில் தந்துகி விசையால் ஏறும் நீர் எளிதில் உலராது. கடற்காற்றின் உப்பும் சேர்ந்தால் துரு உள்ளிருந்தே வெளியே தின்னும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய கார்களில் அரித்தவை அத்தனையும் வெள்ளத்தின் வேலை என்று சொல்லிவிட முடியாது. முன்பே வெட்டி ஒட்டி, மெழுகு காட்டாமல் விட்ட ரன்னிங் போர்டு மடிப்புகளுக்கு வெள்ளம் வேலையைச் சீக்கிரப்படுத்திக் கொடுத்தது.

இத்தனையும் நடக்கத் தேவையான நேரத்துக்கு யார் பணம் தருவது என்பது கடைசியில் நிற்கும் கேள்வி. எஸ்டிமேட் தாளில் பார்ட்ஸ், டிங்கரிங், பெயின்டிங் என்று வரிகள் இருக்கும். மடிப்பைச் சுரண்டுவதற்கோ சோதனைக் கீற்றுக்கோ மெழுகுக்கோ தனி வரி இருக்காது. காப்பீட்டு சர்வேயர் கடைசியில் வந்து பார்ப்பதும் பெயின்டின் பளபளப்பைத்தான். நல்ல டிங்கர் இவற்றுக்கு ஆகும் நேரத்தைத் தன் கையிலிருந்து போட வேண்டியிருக்கிறது. போடாதவரோ அதே கூலியை வாங்கிக்கொண்டு சீக்கிரம் வீட்டுக்குப் போகிறார். வண்டி கொடுப்பவர்கள் செய்யக்கூடிய ஒரு சின்ன வேலை இருக்கிறது. பேனலைக் கிளாம்ப் போட்டு மூடுவதற்கு முன் மடிப்பின் இரண்டு பக்கத்தையும், பிய்த்த சோதனைக் கீற்றையும் செல்போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். சாம்பல் நிறம் தெரிகிறதா, பளிச்சென்ற இரும்பு தெரிகிறதா, கறுப்பு மிச்சமிருக்கிறதா என்பது அந்தப் படத்திலேயே விளங்கும். கேட்பார் என்று தெரிந்தாலே சுரண்டும் கை கொஞ்சம் நிதானிக்கும்.